எகிப்துக்குச் சிறு குழுவாகப் போகிறவர்களுக்கு: எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும்

எகிப்து போய்த் திரும்பியவர்களில் சிலர் சொக்கிப்போய்ப் பேசுவார்கள். சிலர் "வெயில், கூட்டம், காசு பிடுங்கல்" என்று சலித்துக்கொள்வார்கள். இரு தரப்பும் பார்த்தவை பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு இடங்கள். யார் எத்தனை மணிக்குப் போய் நின்றார்கள் என்பதில்தான் வேறுபாடு. நாற்பது பேர் பேருந்து காலை உணவை முடித்து, ஆள் எண்ணி, எட்டு எட்டரைக்குக் கிளம்பும். பத்துப் பேர் குழு ஐந்தரைக்கே வண்டியேறிவிடலாம். சிறு குழுவுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு முக்கியமாக இந்த மூன்று மணி நேரத்துக்குத்தான். அதைப் பயன்படுத்தாத குழுவில் போவதென்றால் பெரிய பேருந்திலேயே மலிவாகப் போய்வந்துவிடலாம்.

பணம் கட்டுவதற்கு முன்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் நல்ல அளவு. ஏழெட்டுப் பேர் வரை பெட்டிகளோடு ஹையேஸ் வேனில் அடங்கும். அதற்கு மேல் போனால் கோஸ்டர் போன்ற மினி பஸ் வேண்டும். "பன்னிரண்டு பேர், ஒரே வேன்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகத் தயாராக வேண்டும்.

அடுத்து வழிகாட்டி. எகிப்தின் தொல்லியல் இடங்களில் நின்று விளக்கம் சொல்ல அந்நாட்டு உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. சென்னையிலிருந்து கூடவே வரும் 'டூர் மேனேஜர்' ஆள் எண்ணவும் அறைச் சாவி வாங்கவும்தான். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளூர் வழிகாட்டி கெய்ரோவிலிருந்து தெற்கே உள்ள அஸ்வான் வரை ஒரே ஆளா, ஊருக்கு ஊர் மாறுவாரா? மாறினால் தவறில்லை. ஆனால் கப்பலில் என்ன நடக்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். கெய்ரோவில் பத்துப் பேராக இருந்த குழுவை நைல் கப்பலில் ஏறியதும் வேறு இருபத்தைந்து பேரோடு சேர்த்து ஒரே வழிகாட்டியிடம் ஒப்படைப்பது இந்தத் தொழிலில் வாடிக்கை. "கப்பலிலும் எங்களுக்குத் தனி வழிகாட்டி, தனி வண்டி" என்ற வரி ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

நுழைவுச் சீட்டுகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "எல்லா நுழைவுக் கட்டணமும் அடக்கம்" என்றால் பொதுச் சீட்டு மட்டும் அடக்கம் என்று பொருள். பெரிய பிரமிடின் உள்ளே போக, பழைய எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறைக்குள் போக, முதலாம் சேத்தி கல்லறைக்குள் போக, ஐந்தாம் ஆறாம் ராமசேஸ் கல்லறைக்குள் போக எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. சேத்தி கல்லறைச் சீட்டு ஒன்றே, இந்த மன்னர் கல்லறைகள் இருக்கும் லக்சர் அரசர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டைவிட விலை அதிகம். எது வேண்டும் என்று ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கல்லூரி மாணவர்கள் செல்லுபடியாகும் மாணவர் அட்டை கொண்டுபோனால் பல இடங்களில் பாதிக் கட்டணம்தான்.

கடை நிறுத்தங்கள் எத்தனை? பப்பிரஸ் (நாணல் தாள்) கடை, வாசனைத் தைலக் கடை, பளிங்குக் கல் பட்டறை, கம்பளப் பள்ளி என்று நாளுக்கு ஒன்று வைத்து விலையைக் குறைத்துக் காட்டுகிற பயணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தைத் தின்னும். மொத்தப் பயணத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, அதுவும் மதிய வெயிலில், என்று பேசிக்கொள்ளலாம். வெயிலில் கோயில் பார்ப்பதைவிடக் கடையில் உட்கார்ந்து செம்பருத்தி டீ குடிப்பது மேல்.

பணம் தொடர்பாக நான்கு விஷயம். உள்நாட்டு விமானம் அடக்கமா? தனி அறைக்குக் கூடுதல் எவ்வளவு? சொன்ன விலையில் ஜி.எஸ்.டி.யும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்திருக்கின்றனவா? டி.சி.எஸ். உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்படுவது, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். கடைசியாக, குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் பயணம் நடக்கும்? சிறு குழுவில் அடிக்கடி வருகிற விபத்து இதுதான்: ஆறு பேர் சேரவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் பயணத்தை ரத்து செய்து கட்டிய பணத்தைத் திருப்பிவிடுவார்கள். நீங்கள் தனியாக எடுத்த, திரும்பப் பெற முடியாத விமானச் சீட்டு உங்கள் தலையில். 'பயணம் உறுதி' என்று எழுத்தில் வந்த பிறகே சர்வதேச விமானம் எடுங்கள்.

எந்த மாதம்

அக்டோபர் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் தெற்கு எகிப்தின் லக்சரும் அஸ்வானும் 40 டிகிரியைத் தாண்டும். வேலூர் வெயில் பழகியவர்களுக்கும், நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு வேறு விஷயம். டிசம்பர் 20 முதல் ஜனவரி முதல் வாரம் வரை உலகமே அங்கே இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். மார்ச், ஏப்ரலில் கம்சீன் என்ற மணற்காற்று சில நாள் வீசும். அன்று பிரமிட் படம் மஞ்சளாகத்தான் வரும்.

நோன்பு மாதம் வருகிறதா என்றும் பாருங்கள். 2027இல் ரமலான் பிப்ரவரி முதல் பாதியில் தொடங்கும். போகக்கூடாது என்பதில்லை. இரவில் கெய்ரோ தெருக்கள் அழகாகவே இருக்கும். ஆனால் பல இடங்களை முன்னதாக மூடுவார்கள், மாலை நோன்பு திறக்கும் வேளையில் ஓட்டுநர் கிடைக்க மாட்டார். அட்டவணை அதற்கேற்ப மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விசா, விமானம், மருந்து

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசாவை ஊரிலேயே எடுத்துவிடுவது நல்லது. எகிப்தின் தூதரகம் டெல்லியிலும் துணைத் தூதரகம் மும்பையிலும் உள்ளன. ஆறு வாரத்துக்கு முன்பே தாள்களைக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் போன்ற விசாவை ஏற்கெனவே பயன்படுத்தி, அது இன்னும் செல்லுபடியாகிறவர்களுக்கு விமான நிலையத்திலேயே விசா கொடுக்கும் வழக்கமும் உண்டு. அந்த வழியில் போவதென்றால் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். ஏனென்றால் உங்களைத் தடுத்து நிறுத்துவது கெய்ரோ அதிகாரியாக இருக்காது, சென்னையில் போர்டிங் பாஸ் கொடுக்கும் மேசையாக இருக்கும்.

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போவதே எளிது. விலை குறைவு என்று அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் நாடு. அங்கே நீண்ட நேரம் தங்கினாலோ ஊருக்குள் போனாலோ தடுப்பூசி அட்டை கேட்பார்கள், எகிப்தில் நுழையும்போதும் இந்தியா திரும்பும்போதும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

குழு கூடும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே கெய்ரோவில் இறங்கிவிடுங்கள். பெட்டி தொலைந்தால் அது வந்து சேர ஒரு நாள் இருக்கும். குழு லக்சருக்குப் போய்விட்டால் பெட்டி உங்களைத் துரத்திக்கொண்டே நைல் முழுக்க வரும்.

மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நம் ஊரில் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் அல்ட்ராசெட் போன்ற மாத்திரைகளில் டிராமடால் இருக்கிறது. எகிப்தில் அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். டிராமடால் கொண்டுபோன ஒரு பிரிட்டிஷ் பெண் 2017இல் சிறைக்கே போனார். கோடீன் கலந்த மருந்துக்கும் இதே கவனம் வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கு ஆங்கில மருந்துச் சீட்டு போதும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள்.

பெட்டியில் போக வேண்டியவை: மணல் புகாத மூடிய காலணி, ஜனவரி என்றால் ஒரு ஸ்வெட்டர் (கெய்ரோ இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், அபு சிம்பல் கோயிலுக்குப் போகும் விடிகாலை வண்டி அதைவிடக் குளிராகத் தோன்றும்), பள்ளிவாசலுக்குள் போகப் பெண்களுக்கு ஒரு துப்பட்டா, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு, சின்ன டார்ச். நம் மூன்று முனைப் பிளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டை முனை கொண்ட ஐரோப்பிய அடாப்டர் வேண்டும்.

காசும் அட்டையும்

முக்கியமான இடங்களில் நுழைவுச் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே இயக்கிவைத்துவிடுங்கள். வெளியில் ரொக்கம்தான் ராஜா. ஒரு எகிப்தியப் பவுண்டு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலருக்கு 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டு பக்கம் சரிந்தது. பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலைகளை நம்பாததற்கு அது ஒன்றே காரணம் போதும்.

வங்கியில் மாற்றும்போது 'ஃபக்கா' கேளுங்கள். சில்லறைக்கு எகிப்தியர் சொல்லும் சொல் அது. 5, 10, 20 பவுண்டு நோட்டுகளைச் சட்டைப் பையிலும் பெரிய நோட்டை உள்ளேயும் வைத்துக்கொள்ளுங்கள். 50 பவுண்டுக்குப் பதில் 50 பியாஸ்டர் நோட்டைத் திருப்பிக் கொடுப்பது பழைய தந்திரம். பியாஸ்டர் என்பது பவுண்டில் நூறில் ஒரு பங்கு, நம் பைசா போல.

அரபு எண்கள் பத்தும் விமானத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். நாம் பூஜ்யம் என்று நினைக்கும் வட்டம் அங்கே ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. மேல் நோக்கித் திறந்த கூம்பு ஏழு, கவிழ்ந்த கூம்பு எட்டு. நம்முடைய ஏழு போலத் தெரிவது ஆறு. வட்டமும் ஒரு புள்ளியும் எழுதியிருந்தால் விலை ஐம்பது. இது தெரிந்தவரிடம் கடைக்காரர் பேசும் தொனியே மாறும்.

பக்ஷீஷ், அதாவது அன்பளிப்புக் காசு, பற்றி ஒரு வார்த்தை. கழிப்பறைக்காரருக்கு ஐந்து பத்து, பெட்டி தூக்குபவருக்கு இருபது, படகோட்டிக்கு, ஓட்டுநருக்கு என்று நாள் முழுதும் கை நீளும். குழுவாகப் போவதில் உள்ள பெரிய நிம்மதி, முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று பொது உண்டியலில் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடலாம் என்பது. அந்த உண்டியல் யாருக்கெல்லாம் போகிறது என்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கடைசி நாள் கொடுப்பது தனி. கல்லறைக்குள் காவலர் கண்ணைக் காட்டி, கயிற்றைத் தூக்கி, "வா, இங்கே படம் எடு" என்பார். அதுவும் பக்ஷீஷ் கணக்குதான், விதிமீறலும் கூட. "லா, ஷுக்ரன்" என்று சொல்லி நகருங்கள். வேண்டாம், நன்றி. இந்த இரண்டு சொல்லும் நாளுக்கு நூறு முறை தேவைப்படும். நின்று பேசினால் விலை பேசுவதாகப் பொருள்.

கெய்ரோ: மூன்று நாள்

பிரமிடுகள் இருக்கும் கீசாவுக்கு வாசல் திறக்கும் நேரத்திலேயே போக வேண்டும். புதிய பார்வையாளர் மையத்தில் இறங்கி, உள்ளே ஓடும் மின் பேருந்தில் ஏறி ஒவ்வொரு நிறுத்தமாகப் போகும் முறை 2025இல் வந்தது. முதலில் பெரிய பிரமிட், பிறகு மூன்றும் ஒன்றாகத் தெரியும் மேடு, கடைசியில் ஸ்பிங்க்ஸ். உள்ளே போகிறவர்கள் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஒரே பாதையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்வார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மாமூன் காலத்தில் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கம் வழியாக நுழைகிறோம். பிறகு ஏறுபாதை: ஏறக்குறைய 39 மீட்டர் நீளம், உயரம் 1.2 மீட்டர்தான். மரப்பலகையில் பதித்த குறுக்குச் சட்டங்களில் கால் வைத்து, முதுகை மடக்கி ஏற வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அது முடிந்ததும் திடீரென்று கூரை எட்டரை மீட்டருக்கு மேலே போய்விடும், அதுதான் பெருங்கூடம். இரு பக்கச் சுவரும் மேலே போகப்போக ஏழு அடுக்காக உள்நோக்கி நெருங்குவதை நின்று பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கத்தி நுழையாது. அதன் உச்சியில் மீண்டும் குனிந்து போனால் கருங்கல் அறை, மூடி இல்லாத ஒரு கருங்கல் பெட்டி. ஓவியம் இல்லை, எழுத்து இல்லை. காற்று கனமாகவும் வெக்கையாகவும் இருக்கும். முழங்கால் வலி, இருதயக் கோளாறு, அடைந்த இடத்தில் மூச்சு முட்டும் பயம் இருப்பவர்கள் வெளியே நிற்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

எழுத்து பார்க்க வேண்டுமென்றால் சக்காரா. அரை நாள் போதும். ஜோசரின் படிப் பிரமிடுக்குப் பக்கத்தில் உனாஸ் மன்னனின் சின்னப் பிரமிட், வெளியிலிருந்து பார்த்தால் கற்குவியல். உள்ளே சுவர் முழுக்க நீலம் தோய்ந்த சித்திர எழுத்து வரிசை வரிசையாக, 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய மந்திரங்கள். கூரையெல்லாம் நட்சத்திரம். பெரிய பேருந்துகள் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் அட்டவணையில் "சக்காரா" என்று மட்டும் இருந்தால், உனாஸ் உள்ளே உண்டா என்று கேளுங்கள்.

கீசாவின் புதிய பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தது. துட்டன்காமன் கல்லறையிலிருந்து எடுத்த 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. நேரம் குறித்த சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். குழுவில் ஒருவருக்குச் சீட்டு விட்டுப்போனால் வாசலில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டிருந்தால் சண்டை போட்டாவது நான்காக்குங்கள். பிரமிட் பார்த்த அதே நாளில் மதியத்துக்கு மேல் இதைத் திணிப்பது எல்லா ஏற்பாட்டாளரும் செய்யும் தவறு. காலும் கண்ணும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

அரச மம்மிகள் அங்கே இல்லை. 2021 ஏப்ரல் 3 அன்று 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பலர் தெரியாமல் தவறவிடுவது இது. அங்கே இரண்டாம் ராமசேஸ் படுத்திருக்கிறார், செம்மை படிந்த மெல்லிய முடியோடு, கொக்கி மூக்கோடு. 1970களில் பாரிசில் அந்த உடலை ஆராய்ந்தபோது மூக்குக்குள் மிளகு மணிகள் இருந்தது தெரிந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு 1,200 ஆண்டுகளுக்கு முன் இறந்த மன்னனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சரக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்ததோ. ஆயிரம் ஆண்டு கழித்து வந்த மிளகின் வழி நமக்குத் தெரியும். முசிறியிலிருந்து செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, ஒட்டகத்தில் பாலை தாண்டி, லக்சருக்கு வடக்கே கிஃப்த் என்ற நைல் ஊருக்கு வந்தது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான குசைர் அல் கதீமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு கிடைத்திருக்கிறது. ஒறி என்றால் நம் உறி. சுற்றுலா அட்டவணைகளில் குசைர் வராது.

லக்சர்: ஒரு விடியலை எதற்குக் கொடுப்பது

விமானத்தில் ஒரு மணி நேரம், இரவு ரயிலில் பத்து மணி நேரம். குழுவில் வயதானவர்கள் இருந்தால் விமானமே சரி.

வந்த மாலை லக்சர் கோயில். இருட்டிய பிறகு விளக்கில் பார்க்க வேண்டிய கோயில் இது. வாசலில் ஒற்றைத் தூபி (ஒபெலிஸ்க் என்னும் கூர்முனைக் கல்தூண்) நிற்கும், அதன் ஜோடி பாரிஸ் நடுச்சதுக்கத்தில் நிற்கிறது.

மறுநாள் விடியலில் இரண்டு ஆசைகள் மோதும். ஒன்று வெப்பக் காற்றுப் பலூன், மற்றது அரசர் பள்ளத்தாக்கு. பலூன் இறங்கி, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு, பள்ளத்தாக்கு வாசலுக்குப் போகும்போது எட்டு மணி தாண்டி, கப்பல் கூட்டம் முழுக்க உள்ளே இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் லக்சரில் இரண்டு இரவு தேவை. பலூனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 2013 பிப்ரவரியில் லக்சரில் ஒரு பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். பல பயணக் காப்பீடுகள் பலூனை விலக்கி வைத்திருக்கும். சிறிய எழுத்துப் பகுதியைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கும். பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம், எந்த மூன்று என்பது உங்கள் விருப்பம். கல்லறைக்குள் வழிகாட்டி பேசக்கூடாது என்பது அங்கே விதி. வெளியே நிழலில் நிற்க வைத்து, படங்களைக் காட்டி விளக்கிவிட்டு உள்ளே அனுப்புவார். அந்த கால் மணி நேரத்தைச் சோம்பலாகக் கேட்டால் உள்ளே வெறும் வண்ணம்தான் தெரியும். நான்காம் ராமசேஸ் கல்லறை படியேற முடியாதவர்களுக்கு ஏற்றது, அகலமான சரிவு. மூன்றாம் ராமசேஸ் கல்லறையில் யாழ் வாசிப்பவர் ஓவியம். மூன்றாம் துத்மோஸ் கல்லறை மலை இடுக்கில் செங்குத்தான ஏணிப்படி, பலம் உள்ளவர்களுக்கு மட்டும். தனிச் சீட்டு ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் துட்டன்காமனை விட்டுவிட்டு ஐந்தாம் ஆறாம் ராமசேஸ் கல்லறையை எடுங்கள். கூரையில் வானத் தேவதை நூத் மாலையில் சூரியனை விழுங்கி விடியலில் ஈன்றெடுக்கும் காட்சி தங்கமும் கருநீலமுமாகப் பரந்திருக்கும். துட்டன்காமன் கல்லறை சின்ன அறை, அவர் உடல் அங்கேயே இருக்கிறது, அதற்காகப் போகலாம்.

எட்டரைக்குள் முடித்து, பெண் அரசி ஹட்ஷெப்சூத்தின் கோயில். பத்தரைக்கு மேல் வெயிலில் நடக்காமல் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். மூன்றரைக்கு மேல் கர்னாக் கோயில்: 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தில் சாய்ந்த வெயில் குறுக்கே விழும் நேரம் அது, கப்பல்காரர்களும் கிளம்பியிருப்பார்கள்.

ஆற்றில்

வழக்கமான கப்பல் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நான்கு இரவு, எதிர்த்திசையில் மூன்று. நூறு பேருக்கு மேல் ஏறும் நான்கைந்து மாடிக் கப்பல்கள். பால்கனி அறைக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: துறைகளில் இடம் போதாமல் கப்பலை ஒட்டிக் கப்பலாக ஐந்தாறு கட்டுவார்கள். திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். எஸ்னா மடையில் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவு) முறை வரக் காத்திருக்கவும் நேரிடும்.

பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் தஹபியா என்னும் பாய்மரப் படகை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். எஸ்னாவுக்குத் தெற்கே கிளம்புவதால் மடைக் காத்திருப்பு இல்லை. பெரிய கப்பல் நிற்க முடியாத தீவுகளில் நிற்கும். விலை கூடும், குழுப் பயணத்தில் கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த ஒரே இடம் என்று இதைச் சொல்லலாம்.

வழியில் உள்ள கோயில் ஊரான எட்ஃபூவில் எல்லாக் கப்பலும் ஒரே விடியலில் வந்து நிற்கும். கோயிலுக்குக் குதிரை வண்டியில் கூட்டிப்போவது வழக்கம், குதிரைகளின் நிலையைப் பார்த்தால் பலருக்கு மனம் ஒப்பாது. வேனோ ஆட்டோவோ ஏற்பாடு செய்யச் சொல்லலாம், முந்தின நாளே சொல்ல வேண்டும். அடுத்த ஆற்றங்கரைக் கோயிலான கோம் ஓம்போ மாலையில் அழகு. கரையோரத் தேங்கிய நீரில் காலை நனைக்காதீர்கள், நத்தைக் காய்ச்சல் என்னும் பில்ஹார்சியா புழு அதில்தான் தொற்றுகிறது.

அபு சிம்பல்

இரண்டாம் ராமசேஸ் மலையைக் குடைந்து எடுத்த கோயில், அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். எல்லோரும் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி எட்டு மணி வாக்கில் ஒன்றாக வந்து இறங்குவார்கள், பத்தரைக்குள் ஒன்றாகத் திரும்புவார்கள். அந்த இரண்டரை மணி நேரம் கருவறைக்குள் நகரக்கூட இடம் இராது. சிறு குழுவுக்கு இரண்டு வழி: முந்தின மதியம் போய் அந்த ஊரிலேயே ஒரு இரவு தங்கி, கதவு திறக்கும்போது உள்ளே போவது, அல்லது வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பிப் பதினொன்றுக்குப் போய்ச் சேர்வது. உள்ளே குடைவரை என்பதால் நண்பகல் வெயில் பெரிதாகத் தாக்காது.

பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த மலையே வெட்டி எடுத்து வைத்தது. அஸ்வான் அணையின் நீர் விழுங்காமல் இருக்க 1964 முதல் 1968 வரை கோயிலைக் கற்கட்டிகளாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றினார்கள். முகப்புச் சிலைகளின் அருகே போனால் அறுத்து ஒட்டிய கோடுகள் தெரியும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 விடியலில் சூரியன் கருவறை வரை நுழையும். அந்த நாட்களில் நெரிசல் அளவு கடந்தது, ஒரு வாரம் தள்ளிப் போவதே புத்திசாலித்தனம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்: சியாமி. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் விரதம் இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை சேராத உணவுக்குச் சியாமி என்று பெயர். "சைவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் கோழித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பைக் கொடுப்பார்கள். "சியாமி" என்றால் எந்தச் சமையற்காரருக்கும் புரியும். அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு சேர்ந்த கொஷாரி வயிறு நிறைக்கும். மொச்சை போன்ற பெரும்பயறில் செய்யும் ஃபுல், அதே பயறில் வடை போலப் பொரிக்கும் தாமியா காலைக்கு நல்லது. தாமியா ஏறக்குறைய நம் மசால் வடையின் பங்காளி. மொலோகியா என்ற கீரையைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் கோழி அல்லது முயல் சாற்றில்தான் கொதிக்க வைப்பார்கள்.

தண்ணீர் பாட்டில்தான், பல் துலக்கவும். கப்பல் பஃபேயில் வெட்டி வைத்த பச்சைக் காய்கறியை முதல் நான்கு நாள் தவிர்த்தாலே வயிற்றுப்போக்கில் பாதி குறையும். ஊரோடு பேச வாட்ஸப் அழைப்பை நம்ப வேண்டாம், பல நேரம் இணையாது, எழுத்தும் குரல் செய்தியும் போகும்.

திரும்பும் முன்

பப்பிரஸ் வாங்குவதென்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உண்மையானதில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போலத் தெரியும், சுருட்டினாலும் உடையாது. தெருவில் கட்டுக்கட்டாக விற்பது பெரும்பாலும் வாழை நாரிலோ வேறு தாளிலோ அச்சடித்தது. ஒட்டகச் சவாரிக்கு ஏறும் விலை மட்டும் பேசாதீர்கள், இறக்கி விடும் விலையும் சேர்த்துப் பேசுங்கள், வழிகாட்டி முன்னிலையில். கீழே கிடக்கும் ஓட்டுத் துண்டையும் கல்லையும் எடுக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருளைக் கொண்டுபோவது குற்றம், விமான நிலைய ஸ்கேனர் கல்லைக் கண்டால் பெட்டியைத் திறப்பார்கள்.

நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் எகிப்தியப் பவுண்டை எளிதில் வாங்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் நோட்டுகளைக் கடைசி நாள் ஓட்டுநருக்குக் கொடுத்துவிடுங்கள், கழிப்பறைக்கு ஒரு பத்து மட்டும் வைத்துக்கொண்டு.